மணல் மூட்டை வைத்து நிமிர்த்திய வண்டி

அருள்,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உன்னை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் இப்படி எழுதலாமா என்று கேட்பாய். எழுதக் கூடாதுதான். ஆனால் போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய், வீட்டுக்கு வந்தால் குளித்துக்கொண்டிருக்கிறாய், உன் மனைவி மெர்சியிடம் சொல்லி அனுப்பினால் "அம்மாவுக்கு வயசாயிடுச்சி" என்று பதில் வருகிறது. வயசானவளுக்கு எழுதத் தெரியும். இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. இன்னொரு பிரதி எடுத்து நான் வேலை பார்க்கிற அறையின் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடப் போகிறேன். அங்கே வரிசையில் நிற்கிற எல்லா வண்டிக்காரப் பிள்ளைகளும் படிக்கட்டும். உனக்கு மானம் போகும் என்றால் போகட்டும். மானம் போனால் பிறகு சம்பாதித்துக்கொள்ளலாம்.

ஜன்னலில் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓரிக்கைக்குப் போகிற சாலையில் இருக்கும் எடை மேடையில் எனக்கு வேலை. ஜல்லி லாரியும் நெல் லாரியும் மேடை மேல் ஏறி நிற்கும், நான் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்குவேன், எடை சீட்டில் அடித்து வரும். நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இதே நாற்காலிதான். மனிதன் எத்தனை விதமாகப் பொய் சொல்லுவான் என்பதை இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்த்தேன். தார்ப்பாய்க்கு மேலே ஜல்லி பிதுங்கிக்கொண்டிருக்கும், "பாதி லோடுதான்கா" என்பான். இன்னொருத்தன் ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு நிறுத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் காதைக் குடைந்துகொண்டிருப்பான். எடை கூடுதலாகக் காட்டினால் மெஷினில் கோளாறு என்பான். அவர்களையெல்லாம் நான் வீட்டுக்கு வந்து திட்டுவேன், நீ சிரிப்பாய். "ஏன்மா, ஊர்ல ஓடற லாரிக்கெல்லாம் நீதான் அம்மாவா?" என்று கேட்பாய். இப்போது அந்தக் கூட்டத்தில் என் வீட்டுப் பிள்ளையே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறான். யாரிடம் போய்த் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேரவன் விடப்போகிறேன் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்கவில்லை. கார் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பழைய வேனை வாங்கி, பாடி கட்டி, கல்யாணப் பெண்கள் உள்ளே உட்கார்ந்து அலங்காரம் செய்துகொள்கிற மாதிரி வண்டி விடப்போவதாகச் சொன்னாய். நல்ல யோசனை. பட்டு எடுக்க எங்கிருந்தெல்லாமோ இந்த ஊருக்கு வருகிறார்கள், ஆனால் பெரிய காஞ்சிபுரத்தில் பாதி மண்டபங்களில் மணப்பெண் அறை என்று காட்டுவது அண்டா குண்டா அடுக்கி வைக்கிற அறையைத்தான். பட்டுப்புடவை நனைந்துவிடுமோ என்று முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரத்தரையில் நின்ற பெண்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு சுத்தமான, குளிர்ந்த அறை வாசலிலேயே வந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நீ அறையோடு நிற்கவில்லை. முகம் கழுவத் தொட்டி போதாது, அதைச் சுற்றிக் கறுப்பு கிரானைட் வேண்டும் என்றாய். ஆளுயரக் கண்ணாடி ஒன்று போதாது, சுவர் முழுக்க வேண்டும் என்றாய். புடவை மாட்டக் கம்பி போதாது, இரும்பு பீரோ வேண்டும், அதுவும் ஜோடியாக. கூரை மேல் தண்ணீர்த் தொட்டியும் ஏசியும். பின்சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற பெட்டியில் ஜெனரேட்டர். இரண்டு பக்கமும் பெட்டி வைத்த கட்டில்.

அந்த வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடுவதற்காகச் செய்த வேன். ஆள் ஏறுவான், இறங்குவான். கிரானைட் இறங்காது. வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கிறபோதும் அது அதன் முதுகின் மேலேயே உட்கார்ந்திருக்கும். வண்டியின் பக்கவாட்டில், காலி எடை இவ்வளவு, ஏற்றக்கூடிய மொத்த எடை இவ்வளவு என்று பெயிண்டில் எழுதியிருந்ததே, அதன் மேல் என்ன ஒட்டினாய் என்று நினைவிருக்கிறதா? மாலை போட்ட மணப்பெண் படம். எடை எழுதிய இடத்தில் சரியாக அவள் கன்னம் வருகிறது. என் மேடைக்கு வருகிற எந்தப் பொய்யனும் இவ்வளவு அழகாகப் பொய் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நம் மாதா கோயில் வளாகத்தில் வண்டியை மந்திரிக்கக் கொண்டுவந்து நிறுத்தினாய். வருகிற வெள்ளிக்கிழமை விடிந்ததும் அதே வண்டியில் வேளாங்கண்ணிக்குப் போய்ப் பாப்பாவுக்கு முதல் மொட்டை போடுவதாக ஏற்பாடு. நீ, மெர்சி, பாப்பா, மெர்சியின் அப்பா அம்மா, உன் அப்பா, நான் என்று மொத்தக் குடும்பமும் அதில். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். எல்லோரும் உள்ளே ஏறிச் சுற்றிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா கண்ணாடியில் கொண்டையைச் சரிசெய்துகொண்டே, "நம்ம வூடெல்லாம் இதுங்கிட்ட பிச்ச வாங்கணும்" என்றார். நான் மட்டும் கீழே நின்று பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின வாரம் உன் வீட்டு வாசலில் அந்த வண்டி இடதுபக்கமாகச் சாய்ந்து நின்றதை நான் பார்த்திருந்தேன். இடதுபக்கம் டயருக்கும் அதற்கு மேலே இருக்கிற தகரத்துக்கும் நடுவில் என் கை நுழையவில்லை. வலதுபக்கம் தாராளமாக நுழைந்தது. இப்போது பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. இடதுபக்கம் உயர்ந்து சமமாகியிருந்தால் மனசு குளிர்ந்திருக்கும். வலதுபக்கமும் சேர்ந்து இறங்கிச் சமமாகியிருந்தது.

"இன்னாமா, எல்லாரும் உள்ள வந்துட்டாங்க, நீ மட்டும் டயரைப் பாத்துக்கினு நிக்கிற?" என்று படியில் நின்று கேட்டாய்.

"போன வாரம் சாஞ்சிக்கினு இருந்துதே, இன்னாடா பண்ண?"

"அதெல்லாம் சரி பண்ணியாச்சிமா. லெவல் ஆயிடுச்சி. வந்து பாரு."

உள்ளே வந்தேன். நீ ஒரு டம்ளரில் டீயை விளிம்பு வரை ஊற்றிக் கிரானைட் மேல் வைத்தாய். "ஒரு சொட்டு சாயுதா பாருமா" என்றாய். சாயவில்லை. உன் மாமனார் தலையை ஆட்டினார், சம்பந்தியம்மா கை தட்டினார். அந்த டீயைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. வேறு எதையும் பேசாமல் வலதுபக்கக் கட்டிலின் மூடியைத் தூக்கினேன். உள்ளே வரிசையாக மணல் மூட்டை. அதன் மேல் பாப்பாவின் பூப்போட்ட போர்வையை விரித்து மூடியிருந்தாய். ஏன்டா, மூடுவதற்கு வேறு துணியே கிடைக்கவில்லையா?

"இது இன்னாது?" என்றேன்.

"பேலன்ஸுக்குமா. தேர்ல பண்றது இல்லியா? அதே தான்."

கீழே இறங்கி, கோயிலுக்குக் கட்டிவந்த புடவையோடு மண்ணில் உட்கார்ந்து, போன் விளக்கைப் போட்டு இடதுபக்கப் பின்சக்கரத்துக்கு உள்ளே பார்த்தேன். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கின ஸ்பிரிங் பட்டைகளில் பெரிய பட்டையின் குறுக்கே ஒரு கோடு ஓடியிருந்தது. கோட்டுக்குள் துரு. நேற்று விழுந்த விரிசலில் துரு இருக்காது. பக்கத்தில் ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் வழிந்து, தூசி ஒட்டிக் கருப்பாகப் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. டயரின் உள் ஓரத்தில் விரலை ஓட்டினேன். வெளிப்பக்கம் பள்ளம் பள்ளமாக நன்றாக இருந்தது, உள்பக்கம் மொட்டைத் தலை மாதிரி வழவழவென்று இருந்தது.

"பட்டை உடைஞ்சிருக்குதுடா" என்றேன்.

"உடையலமா. கீறல்தான்" என்றாய்.

அருள், அந்த வார்த்தையை நீ சொன்ன நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. உடையவில்லை, கீறல்தான் என்று சொல்ல வேண்டுமானால் நீ குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மணல் வாங்கப் போயிருக்கிறாய். அதற்குப் பிறகு நான் எல்லோர் முன்னாலும் கத்தினேன். இந்த வண்டியில் என் கால் படாது என்று சொன்னேன். உன் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் அப்பா என் கையைப் பிடித்து, "விடுமே, அவன் பாத்துப்பான்" என்றார். மெர்சி மூட்டை மேலிருந்த போர்வையை எடுத்து, வாசலில் நின்று மணலை உதறி, பாப்பாவைச் சுற்றிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். இத்தனை பேர் நின்ற இடத்தில் அவள் ஒருத்திதான் எனக்குச் சொந்தமாகத் தெரிந்தாள்.

தேரைப் பற்றிச் சொன்னாயே, அதைப் பேசுவோம். பங்குத் திருவிழாவில் மாதா தேரைத் தோளில் தூக்குகிறவர்களில் உன்னை மாதிரி இன்னொருத்தன் கிடையாது. பெற்றவள் என்பதால் சொல்லவில்லை, தெருவே சொல்கிறது. சாக்கடைப் பக்கமாகத் தெரு சரிகிற இடத்தில் நீ கையைத் தூக்கினால் போதும், பின்னால் வருகிறவர்கள் தோளை மாற்றிவிடுவார்கள். விளக்குக்கான பேட்டரி ஒருபக்கம் இருக்கிறது என்று மறுபக்கத்தில் மணல் பை கட்டுவது நம் பங்கு வழக்கம், அதை எந்த இடத்தில் கட்ட வேண்டும் என்று உன்னைத்தான் கேட்பார்கள். மாதா கழுத்து மாலை ஆடாமல் வீதி சுற்றி வரும். நானும் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். சாய்ந்ததை நிமிர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்கிற எண்ணம் உனக்கு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. வேறு எவனாவது சாய்ந்த வண்டியைப் பார்த்தால் பட்டறைக்குப் போவான். தேர் தூக்கிப் பழகினவன் மணல் அள்ளப் போயிருக்கிறான்.

தேருக்கு அடியில் இருப்பது மனுஷன் தோள்டா. வலித்தால் "மாத்துப்பா, மாத்துப்பா" என்று கத்தும். இன்னொருத்தன் ஓடிவந்து தோள் கொடுப்பான். தோளுக்குத் துண்டு வைப்பீர்கள், சந்திப்பில் இறக்கி வைத்து மோர் குடிப்பீர்கள். ஸ்பிரிங் பட்டைக்கு யார் மோர் கொடுப்பார்கள்? அதுவும் கத்தத்தான் செய்தது. பள்ளத்தில் இறங்கினால் கிரீச் கிரீச் என்று சத்தம் வருகிறது என்று மெர்சி உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தாயாம். ஏற்கெனவே தாங்க முடியாமல் கீறல் விட்ட வண்டியின் மேல், அது சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, இன்னும் எடை ஏற்றியிருக்கிறாய். இதில் எது பேலன்ஸ்? நோயாளி முனகுகிறான் என்று வாயில் துணியை அடைக்கிற கதைதான் இது.

நீ முன்பு பார்த்துக்கொண்டிருந்த வேலையை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது. தெரியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். கார் கம்பெனியில் உன் வேலை என்ன? புது வண்டிகளின் சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்த்து வெளியே விடுவது. சாப்பிடுகிறபோது இரண்டு தட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எனக்கும் உன் அப்பாவுக்கும் பாடம் எடுத்தவன் நீ. சக்கரம் முன்பக்கத்தில் உள்ளே பார்த்தால் டயரின் வெளி ஓரம் தேயும், வெளியே பார்த்தால் உள் ஓரம் தேயும், வண்டி ஒருபக்கம் இழுத்தால் கையை அழுத்திப் பிடித்து ஓட்டக்கூடாது, காரணத்தைத் தேட வேண்டும் என்றெல்லாம் சொன்னாய். உன் அப்பா சாம்பார் கொட்டுகிறது என்று கத்தினார். ஒருநாள் ஸ்டியரிங் ஒரு மயிரிழை கோணலாக இருந்தது என்று ஒரு காரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து, "யாரோ ஒரு குடும்பம் ஏறப்போற வண்டிமா" என்றாய். அந்த வார்த்தையை நான் எத்தனையோ லாரிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். என் பையன் சொன்னது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் இப்போது என்ன செய்தாய்? வண்டி இடதுபக்கம் இழுக்கிறது என்றதும், உடைந்த பட்டையை அப்படியே விட்டு, மணல் மூட்டையோடு அலைன்மென்ட் கடைக்குப் போனாய். நான் திங்கட்கிழமை அந்தக் கடைக்குப் போய் விசாரித்தேன், வருத்தப்பட்டால் பட்டுக்கொள். "மொதல்ல ஸ்பிரிங்க மாத்திட்டு வாப்பான்னு சொன்னேன்கா. அத அப்புறம் பாத்துக்கலாம், இப்ப ஸ்டியரிங் நேரா நிக்கிற மாதிரி புடிச்சி குடுன்னாரு. இன்னா பண்றது, வூட்டுக்குப் போயி மாத்துவாருன்னு நெனச்சேன்" என்றார் கடைக்காரர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பட்டை மாற்றினால் வண்டி நிற்கிற உயரமே மாறும், பின் அச்சு நிற்கிற இடம் மாறும், அதனால் பட்டையைச் சரி செய்த பிறகுதான் சக்கரத்தை நேர்பிடிக்க வேண்டும் என்பது உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு, தெர்மாமீட்டரைத் தண்ணீரில் நனைத்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்.

உன் அப்பா என் கையைப் பிடித்து "விடுமே" என்றாரே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மாடிப்படி ஏறும்போது அவர் இடது காலை இழுத்து வைப்பதை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறவன் இல்லை. உன் முதல் வகுப்பு வரைக்கும் அவர் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு படியில் ஓடினவர். அப்போது ஜல்லி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டையில் கீறல் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். இந்த ஒரு லோடு இறக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினார். பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது முறிந்தது. முறிந்ததும் பின் அச்சு ஒருபக்கம் நழுவிவிட்டது. முன்சக்கரம் ஒருவழி போக, பின்சக்கரம் ஒருவழி போக, அவ்வளவு பெரிய லாரி நண்டு மாதிரிக் குறுக்காக நகர்ந்து சாலையை விட்டுப் பள்ளத்தில் இறங்கியது. "ஸ்டியரிங் என் கையிலதான் இருந்துது, வண்டிதான் என் கையில இல்ல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னார். நீ பள்ளிக்கூடச் சீருடையோடு வராந்தாவில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாய். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கெட்ட நேரம் என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். கெட்ட நேரமாவது மண்ணாங்கட்டியாவது. கீறல் விட்ட இரும்பு முறிந்தது. அதற்கு ஜோசியம் எதற்கு?

இப்போது உன் வண்டியைப் பார்க்கிறேன். முன் கண்ணாடியில் மாதா படம், அதற்குக் கீழே ஜெபமாலை, பம்பரில் எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், கருப்புக் கயிறு, போதாததற்குப் பின்னால் ஒரு அரக்கன் முகம். எந்தச் சாமியையும் நீ விட்டுவைக்கவில்லை. எல்லோரிடமும் காப்பாற்றச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து நான்கு போல்ட்டை மாற்றுவதற்கு மட்டும் உனக்கு மனசு வரவில்லை. சாமியார் தெளித்த தீர்த்தம் அந்தக் கீறலில் இறங்கி இன்னும் கொஞ்சம் துருப்பிடிக்க வைத்திருக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கும்.

ஏன் இந்த அவசரம் என்றும் எனக்குத் தெரியும். கம்பெனி வேலையை விட்டுவிட்டாய் என்று உன் மாமனார் ஒரு வார்த்தை சொன்னார். "மாசம் பொறந்தா வர்ற சம்பளத்த விட்டுட்டு பொட்டி வண்டி இழுக்கப்போறியாபா?" என்று நான் இருக்கும்போதே கேட்டார். அது உனக்குச் சுட்டிருக்கிறது. எனக்கும்தான் சுட்டது. அவரை அதே பெட்டி வண்டியில் ஏசி போட்டு உட்கார வைத்து, வேளாங்கண்ணி வரைக்கும் கொண்டுபோய் இறக்கினால்தான் உன் மனசு ஆறும். பட்டை மாற்றினால் யார் கண்ணுக்கும் தெரியாது, கிரானைட் தெரியும். அதனால் கிரானைட் போட்டாய். இதைப் புரிந்துகொள்ள முடிகிறது, அதனால்தான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது. மாமனார் மெச்சுவதற்காக மகள் ஏறுகிற வண்டியை இப்படி வைத்திருக்கிறாயே.

செய்ய வேண்டியது என்ன என்று நான் சொல்லித் தெரிய வேண்டியவன் இல்லை நீ. ஆனால் ஜன்னலில் படிக்கிற பிள்ளைகளுக்காகவும், மறந்ததுபோல நடிக்கிற உனக்காகவும் சொல்கிறேன். முதலில் அந்த மணலை இறக்கு. வண்டி சாயட்டும், சாய்ந்தபடியே நிற்கட்டும், அது உண்மையைச் சொல்லட்டும். பிறகு கிரானைட்டையும் பீரோக்களையும் கழற்று. ஒரு பலகையும் கம்பியும் வைத்தால் எந்தக் கல்யாணப் பெண்ணும் உன்னைக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஓடுகிறபோது மேலே தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு போகாதே, போய்ச் சேர்ந்த ஊரில் பிடித்துக்கொள்ளலாம். ஸ்பிரிங்கை ஒருபக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று, அதைக் கட்டிப் பிடிக்கிற போல்ட்டுகளையும் சேர்த்து. எண்ணெய் வழிகிற ஷாக் அப்சார்பரைத் தூக்கி எறி.

அதற்குப் பிறகு என் மேடைக்கு வா. போகிறபோது யார் யார் உட்காருவார்களோ அவர்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, பெட்டி படுக்கை, டீசல், தண்ணீர் எல்லாவற்றோடும் வா. முழு வண்டியையும் ஒருமுறை நிறுத்து, பின்சக்கரத்தை மட்டும் மேடையில் வைத்து ஒருமுறை நிறுத்து. மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் தாங்க முடியாமல் திணறுகிற வண்டிகளை நான் தினமும் பார்க்கிறேன். உன் ஜெனரேட்டர் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிறது, அது பின்னால் அழுத்துகிறபோது முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். லேசாக இருக்கிறது, சுகமாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொள்வாய். அந்த மணப்பெண் படத்தைக் கிழித்துவிட்டு, அவள் கன்னத்துக்கு அடியில் இருக்கிற எண்ணோடு என் சீட்டை ஒத்துப்பார். சரியாக இருந்தால் டயரை மாற்று, காற்றைப் பார், கடைசியாக அலைன்மென்ட் கடைக்குப் போ. இந்த முறை அவர் சொல்வதைக் கேள்.

வெள்ளிக்கிழமைக்குள் இதெல்லாம் முடியாது என்பாய். முடியாதுதான். பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. மாதா எங்கேயும் கிளம்பிப் போய்விட மாட்டாள். பாப்பாவின் முடி இன்னும் கொஞ்சம் வளரட்டும், கொடுக்கிறது நிறையக் கொடுத்த மாதிரி இருக்கும்.

நேற்று மெர்சி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள். லாரிக்காரர்கள் நடுவில் வந்து நின்றவளைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. "அவரு கேக்க மாட்டேங்கறாரு அத்தை. வெள்ளிக்கிழமை கிளம்பறது கிளம்பறதுதான்னு சொல்லிக்கினு இருக்கிறாரு. எங்கப்பா முன்னாடி நான் வரலன்னு சொன்னா அவருக்கு அசிங்கம். சொல்லலன்னா எனக்குத் தூக்கம் வரல" என்றாள். பாப்பா என் மேசை மேல் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக் காலி மேடையின் எடையை எடுத்துக்கொண்டிருந்தது. சைபர் என்று அடித்துவந்த சீட்டை வாயில் வைத்து மென்றது. நீ பார்த்துக்கொள்வாய் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த வண்டியில் என் கால் படாது என்று சொன்னேன் அல்லவா, படும். வெள்ளிக்கிழமை விடியற்காலை பையைத் தூக்கிக்கொண்டு உன் வாசலுக்கு வந்துவிடுவேன். வண்டி பட்டறையில் நிற்கிறது, எல்லோரும் பஸ்ஸில் போகிறோம் என்றால், உனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேளாங்கண்ணி வரைக்கும் உன் தோளில் தூங்கிக்கொண்டு வருவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். வண்டி இப்போது இருக்கிறபடியே வாசலில் நின்றால், முதல் ஆளாக நான்தான் ஏறுவேன். இடதுபக்கக் கட்டிலில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே, அந்தக் கீறல் இருக்கிற இடத்தில் உட்காருவேன். நீ கெஞ்சினாலும் இடம் மாற மாட்டேன்.

ஒருபக்கம் எடை கூடினால் மறுபக்கம் மூட்டை வைக்க வேண்டுமே, அதற்கு உனக்குச் சிரமம் வேண்டாம். இன்றைக்கு வரிசை இல்லாத நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை மேல் நானே ஏறி நின்றேன். ஜல்லி லாரி நிற்கிற இடத்தில் ஒற்றை ஆளாக நிற்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. காவலுக்கு இருக்கிறவரைப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். சீட்டை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குச் சமமாக வலதுபக்கம் எவ்வளவு மணல் வேண்டும் என்று பார்த்து, அள்ளி வைத்துவிடு.

அம்மா